ஐந்து பூதங்களுக்கு நடுவே ஒரு நடை

ஆடித் தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் சங்கரன்கோவிலில் பாதி ஊர் நடக்க ஆரம்பித்துவிடும். எங்கேயும் போய்ச் சேருவதற்கு இல்லை. சங்கரநாராயண சுவாமி கோவிலையே சுற்றிச் சுற்றி வருவதற்கு. ஆடிச் சுற்று என்பார்கள். 108 சுற்று நேர்ந்துகொண்டவர்கள் உண்டு, 501 உண்டு, 1008-ம் உண்டு. விடிவதற்கு முன்பே வந்து வெயில் ஏறும்வரை நடந்துவிட்டு, வேலைக்குப் போய், சாயங்காலம் மறுபடி வந்து விட்ட கணக்கைத் தொடருகிறவர்களைப் பார்க்கலாம். இடுப்பில் ஒரு சுருக்குப் பை, அதில் புளியமுத்து, சுற்றுக்கு ஒன்றாக ஒரு முத்து அந்தப் பையிலிருந்து இந்தப் பைக்கு மாறும். காலடிகளை எண்ணும் கைக்கடிகாரம் கட்டிய பிள்ளைகளும் இப்போது அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஆச்சிகள் புளியமுத்தைத்தான் நம்புகிறார்கள்.

கதை எல்லோரும் அறிந்ததுதான். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்களுக்குள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சண்டை. தீர்ப்புக்கு அம்மனிடம் வருகிறார்கள். இரண்டு பேரும் ஒன்றுதான் என்று வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? காட்டித்தான் ஆகவேண்டும். அதற்காக அம்மன் புன்னை வனத்தில் தவம் இருக்கிறாள். ஆடி மாதத்து உத்திராட நட்சத்திரத்தில் பாதி சிவன், பாதி திருமாலாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கிறார். ஒற்றைக் காலில் தவம் நிற்கிற கோமதி அம்மனின் கால்வலியில் கொஞ்சத்தை நாமும் வாங்கிக்கொள்வதற்கே ஆடிச் சுற்று என்பது நம்பிக்கை. சாமியிடம் நம் வலியைக் கொடுத்துவிட்டு வருவதுதான் ஊர் வழக்கம். சாமியின் வலியை வாங்கிக்கொள்ள வரிசையில் நடக்கிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த ஊரைச் சுற்றி இன்னொரு பெரிய சுற்றும் இருக்கிறது. நிலம், நெருப்பு, காற்று, ஆகாயம், நீர் என்று ஐந்து பூதங்களுக்கு ஐந்து சிவத்தலங்கள். காஞ்சிபுரம், திருவானைக்காவல், திருவண்ணாமலை, காளஹஸ்தி, சிதம்பரம் என்ற பெரிய வரிசையைப் போய்ப் பார்க்க ஒரு வாரமாவது வேண்டும். தென்பாண்டி நாட்டுக்காரர்கள் அதையே தங்கள் கைக்கெட்டும் தூரத்தில் அமைத்துக்கொண்டார்கள். சங்கரன்கோவில் நிலம், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம், தாருகாபுரம் நீர். மகா சிவராத்திரி இரவில் வேனிலும் இருசக்கர வண்டியிலும் ஐந்தையும் பார்த்துவிட்டு விடியும்போது வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். நான் ஆனி கடைசியில், மேற்கு மலையில் சாரல் கட்டியிருந்த நேரத்தில், கூடியவரை கால்நடையாகப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

இந்த யோசனை வந்ததற்குச் சுவிட்சர்லாந்துதான் காரணம் என்றால் சிரிப்பீர்கள். அங்கே ஸெர்மாட் என்று ஒரு மலை ஊர். பெட்ரோல் கார் ஊருக்குள் நுழைய முடியாது. மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்க்க உலகமே அங்கே போகிறது. அந்த ஊரின் பேர்பெற்ற நடைபாதைகளில் ஒன்று ஐந்து ஏரிப் பாதை. ஸ்டெல்லிசேயில் தொடங்கி லெய்சே வரை ஐந்து மலை ஏரிகளைத் தொட்டுக்கொண்டு போகும் இரண்டரை மணி நேர நடை. மூன்று ஏரிகளில் சிகரத்தின் நிழல் விழும். வெறும் மலைப்பாதைக்கு ஒரு கதையைக் கட்டி, இதைப் பார்க்கத்தான் நடக்கிறாய் என்று சொல்லிவிடுகிறார்கள். 1991-இல் தங்கள் நாட்டின் 700-ஆவது ஆண்டுக்காக ஊரி ஏரியைச் சுற்றி 35 கிலோமீட்டருக்கு ஒரு பாதை போட்டார்கள். குடிமகன் ஒருவருக்கு 5 மில்லிமீட்டர் வீதம் அளந்து, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் மக்கள்தொகைக்கு ஏற்ற நீளத்தில் ஒரு துண்டு. நாடு முழுவதும் அடையாளம் இட்ட நடைபாதைகள் மட்டும் சுமார் 65,000 கிலோமீட்டர். அதற்கு 1979-இல் வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சாசனத்திலேயே இடம் கொடுத்தார்கள், 1985-இல் தனிச்சட்டம். மஞ்சள் பலகைகளில் இன்ன ஊர் இத்தனை கிலோமீட்டர் என்று போடுவதில்லை; இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்று நடக்கும் நேரத்தைப் போடுவார்கள். நாழிகை வழி என்று தூரத்தை நேரத்தால் அளந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கதைக்கு நம்மிடம் குறைவே கிடையாது. ஐந்து ஏரிக்கு நம் ஐந்து பூதம் எந்த வகையிலும் இளைத்தது அல்ல. நம்மிடம் இல்லாதது காலை வைக்க ஒரு பாதை.

கோவிலில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு கிளம்பினேன். இந்தக் கோவிலில் மண்தான் பிரசாதம். தோலில் ஏதாவது வந்தால் குழைத்துப் பூசுவார்கள், கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொள்வார்கள். புன்னை வனத்துக் காவலாளி ஒருவன் புற்றை வெட்டியபோது பாம்பின் வால் அறுபட்டு, பக்கத்தில் லிங்கம் தெரிந்தது என்றும், சேதி கேட்டு உக்கிர பாண்டியன் வந்து கோவில் கட்டினான் என்றும் தலபுராணம். 9 நிலை ராஜகோபுரம், 125 அடி. உள்ளே பூலித்தேவர் அறை என்று ஒன்று காட்டுவார்கள். பக்கத்து நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் வெள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போகும் வழியில் அம்மனைக் கும்பிட அனுமதி கேட்டு உள்ளே போனவர், திரும்பி வரவில்லை என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. 1767-க்குப் பிறகு அவரைப் பற்றி வேறு உறுதியான தடயம் கிடையாது. அந்த அறைக்கு முன்னால் நின்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லாத அப்பாவை இந்த ஊரில் பார்ப்பது அரிது.

வெளியூர்க்காரர்களுக்குச் சங்கரன்கோவில் என்றால் பிரியாணி. அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நடைக்கு முன்னால் சாப்பிடக் கூடாது.

ராஜபாளையம் சாலையில் வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கரிவலம்வந்தநல்லூர். ஊரைத் தாண்டும்வரை விசைத்தறிச் சத்தம் கூடவே வந்தது. தாண்டியதும் இரண்டு பக்கமும் வானம் பார்த்த பூமி. கரிசல் ஒரு துண்டு, செவல் ஒரு துண்டு, நடுவே சீமைக்கருவேலம். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே காலுக்கு ஒன்றரை அடிதான் மிச்சம். அதிலும் பாதி ஜல்லி, பாதி முள். ஒவ்வொரு லாரி வரும்போதும் இறங்கி நிற்கவேண்டும். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, எங்கிட்டுப் போறிய? பஸ்ஸு இப்பம் வந்துரும்லா.”

“நடந்துதான் போறேன் அண்ணாச்சி. கரிவலத்துக்கு.”

“நேர்ச்சையா?”

“நேர்ச்சை ஒண்ணுமில்ல.”

“பொறவு என்னத்துக்கு இந்த வெயில்ல?”

சரியான கேள்வி. திருச்செந்தூருக்கோ இருக்கன்குடிக்கோ என்று சொல்லியிருந்தால் எழுந்து வழிவிட்டு, தண்ணீரும் வாங்கிக் கொடுத்திருப்பார். இந்தப் பக்கத்தில் நடை என்றால் அதற்கு ஒரு நேர்ச்சை இருக்கவேண்டும். சும்மா நடக்கிறவன் பஸ்ஸுக்குக் காசில்லாதவன், அல்லது வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன். ஐந்து கோவிலையும் நடந்து பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. “அப்படிச் சொல்லுங்க” என்றார். மலை ஊர்க்காரர்கள் பாதைக்குப் பெயர் வைப்பதன் சூட்சுமமும் அதுதான் போலிருக்கிறது.

கரிவலத்தில் பால்வண்ணநாதர், ஒப்பனையம்மாள். நிட்சேப நதிக் கரை. நதியில் மணலும் கோரையும்தான் இருந்தன. யானை வலம் வந்து வழிபட்ட தலம் என்று புராணம். நெருப்புத் தலத்தில் நெருப்பு எங்கே என்று தேட வேண்டாம்; உச்சிப்பொழுதில் கல்தளத்தில் செருப்பில்லாமல் பிராகாரம் சுற்றினால் போதும். ஆடியில் சங்கரன்கோவிலில் தபசு என்றால் இங்கே ஆவணித் தபசு. நடை ஒரு மாதம் தள்ளி இங்கே வந்துவிடுகிறது.

இந்தச் சின்ன ஊர் 16-ஆம் நூற்றாண்டில் தமிழுக்கு ஒரு தலைநகரம் போல இருந்தது. தென்காசிப் பாண்டியர் வழியில் வந்த அதிவீரராம பாண்டியர் ‘நைடதம்’ எழுதியவர். நாம் சின்ன வயதில் படித்த ‘வெற்றிவேற்கை’யும் அவருடையது. அவருடைய உறவினர் வரதுங்கராம பாண்டியர் இருந்து ஆண்ட இடம் கரிவலம். இந்தத் தலத்தின் மேல் பாடப்பட்ட மூன்று அந்தாதிகளையும் வரதுங்கருடையவை என்பாரும் அதிவீரராமருடையவை என்பாரும் உண்டு. ‘குட்டித் திருவாசகம்’ என்று பெரியவர்கள் கொண்டாடும் அந்தாதி அவற்றில் ஒன்று. வரதுங்கருக்குப் பிள்ளை இல்லை. அவர் இறந்தபோது பால்வண்ணநாதரே வந்து மகன் செய்யவேண்டிய கடனைச் செய்தார் என்று ஊர் சொல்கிறது. கவிதை எழுதியவனுக்கு இதைவிடப் பெரிய பரிசு எந்த அகாதெமியும் கொடுத்ததில்லை.

கரிவலத்தின் பக்கத்தில்தான் சென்னிகுளம். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பிறந்த ஊர். 1865-இல் பிறந்து 1891-இல் போய்விட்டார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனபோது பாடியது காவடிச்சிந்து. நாம் அதை மேடையிலும் வானொலியிலும் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அது உட்கார்ந்து கேட்கச் செய்த பாட்டு இல்லை. தோளில் காவடி, காலில் சலங்கை, முன்னால் பல மைல் வெயில். அந்தச் சந்தம் தூக்கித் தூக்கி வைக்கிற காலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. முடுகு வருகிற இடத்தில் நடை தானாக வேகம் பிடிக்கும், பிறகு மூச்சு வாங்க இடம் விடும். நடப்பதற்கென்றே ஓர் இலக்கிய வகையைத் தமிழுக்குக் கொடுத்தது இந்த மண். அதைப் பாடிக்கொண்டு சென்னிகுளத்திலிருந்து கழுகுமலை வரை நடக்க ஒரு பாதை போட்டு, முடிவில் பாண்டியர் குடைந்த வெட்டுவான் கோவிலையும் சமணச் சிற்பங்களையும் காட்டினால், ஸெர்மாட்காரர்கள் நம்மிடம் பாடம் கேட்க வருவார்கள். அது இன்னொரு நடை, கிழக்கே போகிறது. நான் மேற்கே திரும்பினேன்.

தென்மலைக்குப் போகும் கிளைச் சாலையில்தான் முதன்முதலாக நடை நடையாக இருந்தது. லாரி இல்லை. புளியமரங்கள் மிச்சம் இருந்தன. ஓரிடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் குறுக்கே கிடத்திய சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ள வசதியான உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக நட்டது பெரும்பாலும். அவள் இறக்கி வைக்காத சுமைக்காக, ஊரார் சுமையை இறக்கி வைக்க ஒரு கல்.

நம்மிடம் பாதை இருந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கல் சாட்சி. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரில் தென் மாவட்டங்களில் இன்றும் சாலைகள் உண்டு. ஓரம் முழுக்க மரம், நடைத் தூரத்துக்கு ஒரு சத்திரம், கிணறு, கல்மண்டபம், கோடையில் தண்ணீர்ப் பந்தல். நடக்கிறவனுக்கு என்னென்ன வேண்டும் என்று நடந்து பார்த்தவர்கள் செய்த ஏற்பாடு. பிறகு சாலையைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டோம். அகலப்படுத்தும்போதெல்லாம் முதலில் விழுவது மரம், அடுத்தது சுமைதாங்கி. நடைபாதை என்று ஒன்று போட்டால் அதைக் கோடைவாசஸ்தலத்தில் மட்டும் போடுவது என்ற பழக்கம் வெள்ளைக்காரர் காலத்தோடு வந்தது. கொடைக்கானலில் கோக்கர் என்ற அதிகாரி 1872-இல் மலை விளிம்பை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்குப் போட்ட பாதைக்கு இன்றும் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நடக்கிறோம். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு ஏறும் காட்டுப் பாதை எத்தனையோ அழகு. அதில் விருப்பப்பட்ட நாளில் ஏற முடியாது. காட்டுக்கு அது நல்லது என்பதால் எனக்குக் குறையில்லை. ஆனால் காட்டுக்கு வெளியே, வயல் வழியே, ஊர் வழியே நடப்பதற்கு யார் தடுத்தார்கள்?

தென்மலை காற்றுத் தலம். திரிபுரநாதர், சிவபரிபூரணி. எந்த மாதத்தில் போனாலும் பூதம் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனி, ஆடியில் போங்கள். மேற்கு மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்து நிறுத்திக்கொள்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் மழை, செங்கோட்டைக் கணவாய் பக்கம் குற்றாலத்தில் சாரலாகச் சிதறும். இங்கே வந்து சேருவது ஈரம் பிழிந்த வெறும் காற்று. அது விடாமல் அடிக்கிறது. குளத்தங்கரையில் நின்றால் வேட்டி கொடியாகிவிடும். தென்காசி மாவட்டத்தின் தெற்குப் பக்கத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். மழையை மலை எடுத்துக்கொண்டு காற்றை மட்டும் அனுப்புகிற ஊரில் காற்றுக்குக் கோவில் கட்டியவர்கள் ஊரை நன்றாகப் பார்த்தவர்கள்.

சிவகிரி வழியாகத் தேவதானத்துக்குப் பேருந்தில் போனேன். தென்காசி–ராஜபாளையம் நெடுஞ்சாலையில் நடப்பது துணிச்சல் அல்ல, அறியாமை. நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி, தவம் பெற்ற நாயகி. பாண்டியனைக் கொல்லச் சோழன் விஷம் தோய்த்த ஆடையைப் பரிசாக அனுப்பினான், சாமி காத்தார் என்பது பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை. இது விருதுநகர் மாவட்டம். சேத்தூர் ஜமீன் புலவர்களை வைத்துப் போற்றிய பக்கம். கோவில் வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. ஆகாயத் தலம் என்பதற்கு நான் விளக்கம் கேட்கவில்லை; மேற்கே மலைச்சுவர், மற்ற மூன்று பக்கமும் வானத்தை மறைக்க ஒரு மாடி வீடு கிடையாது. மலையோரமாகச் சாஸ்தா கோவில் நீர்த்தேக்கம் வரை ஒரு வழி போகிறது. அதற்கு மேல் வனத்துறையின் எல்லை. வடக்கே சாம்பல் நிற அணில்களுக்கும் புலிகளுக்கும் ஒதுக்கிய காடு, தெற்கே நெல்லை வனவிலங்கு சரணாலயம். இந்த மலையைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம், ஏறத் தேவையில்லை. சிகரத்தில் ஏறுவதைவிடச் சிகரம் கூடவே வரும்படி நடப்பது எனக்குப் பிடிக்கும். ஐந்து ஏரிப் பாதையில் நடக்கிறவர்களும் மேட்டர்ஹார்னில் ஏறுவதில்லை.

கடைசியாக நீர். வாசுதேவநல்லூரில் இறங்கி கிழக்கே தாருகாபுரம். வாசுதேவநல்லூரில் அர்த்தநாரீசுவரர் கோவில் இருக்கிறது. பாதி திருமாலில் தொடங்கிய சுற்று பாதி அம்மனைத் தொட்டுக்கொண்டு போகிறது என்பதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது, இருந்தாலும் பொருத்தம். தெற்கே கொஞ்சம் போனால் புளியங்குடி, எலுமிச்சைச் சந்தை. இந்தச் சாலையில் மண்ணே மாறிவிடுகிறது. கரும்பு, வாழை, நெல். குளத்துக்குக் குளம் வாய்க்கால். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் ஒன்றை நிரப்பி, மறுகால் பாய்ந்து, அடுத்ததை நிரப்பிக் கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போகும் வரிசை அது. நிரம்பினால்தான் கிழக்குக்கு.

தாருகாபுரத்து இறைவன் மத்தியஸ்தநாதர், அம்மன் அகிலாண்டேசுவரி. சேரன், சோழன், பாண்டியன் மூன்று பேருக்கும் தகராறு வந்தபோது சாமியே நடுவராக வந்து தீர்த்துவைத்தார் என்று கதை. கோவில் வாசலில் இருந்த விவசாயி ஒருவரிடம் இந்த வருஷம் குளத்துக்குத் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். அவர் மலையைக் கை காட்டிச் செண்பகவல்லி என்றார்.

செண்பகவல்லி தடுப்பணை மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள் இருக்கிறது. மேற்கே போய்விடுகிற தண்ணீரில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பி, வாசுதேவநல்லூர், சிவகிரி, சங்கரன்கோவில் பக்கத்துக் குளங்களுக்கு அனுப்புவதற்கென்று சிவகிரி ஜமீனும் திருவிதாங்கூரும் ஒப்பந்தம் பேசி அமைத்தது. வெள்ளத்தில் அதன் திருப்புக் கால்வாய் உடைந்தது. அன்றிலிருந்து பல பத்தாண்டுகளாகச் சரிசெய்யப்படவில்லை. மனு, ஊர்வலம், உண்ணாவிரதம், நீதிமன்றம், இரு மாநில அதிகாரிகள் கூட்டம் எல்லாம் நடந்தாயிற்று. அணையைப் பற்றிப் பேசாத தேர்தல் இந்தத் தொகுதிகளில் கிடையாது. நான் நடந்து வந்த சுற்றில் மண் ஏன் அப்படி வெடித்திருந்தது, நிட்சேப நதியில் ஏன் கோரை முளைத்திருந்தது என்பதில் அந்த உடைப்புக்கு எவ்வளவு பங்கு, மழைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆடித் தபசன்று தெற்கு ரத வீதியில் காட்சி முடிந்ததும் விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் நெல்லையும் அள்ளிச் சூறைவிடுவார்கள். அவரும் வருஷம் தவறாமல் போகிறவர். “இந்த வருசம் எறிய என்னமும் இருக்கணும்லா அண்ணாச்சி” என்றார். கோவிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு நான் கிளம்பும்போது பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னார்.

“மூணு ராசாவுக்குப் பஞ்சாயத்து பண்ணுன சாமிதான இவரு. ரெண்டு சர்க்காருக்குன்னா மட்டும் வாயே தொறக்க மாட்டேங்காரு.”